தண்ணீர்க் கழிவு

ரொசல்லைப் பக்கம் மண் சரிந்ததில்
நாவலப்பிட்டி பஸ்
வட்டவளையில் என் கடை வாசலோடு நின்றுவிட்டது.
ஆறு மணிக்கே இருட்டு.
வடை தீர்ந்துபோயிற்று, பருப்பு இனி நாளைக்குத்தான்.
சட்டியில் மூன்று போத்தல் எண்ணெய் மட்டும்
கொதி அடங்காமல்.

அடுப்பை அணைக்கக் குனிந்தபோது
முன் சீட்டுக்காரர் பாதி இறாத்தல் பாணை நீட்டினார்:
"அக்கா, இதைப் பொரிக்க முடியுமா?"

பாண்தானே.
கடலை மாவில் முக்கிப் போட்டேன்.
மொறுமொறுவென்று அவர் கடித்த சத்தம்
பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்டிருக்க வேண்டும்.
பைகள் திறந்தன.

லீக்ஸை வாங்கிக்கொண்டு போனவளிடம்
தண்டு வேண்டாம், வேரைக் கொடு என்றேன்.
மண்ணைக் கழுவி எண்ணெயில் விட்டதும்
அந்த நரைமயிர் விரிந்து
குருவிக்கூடாகி மேலே வந்தது.
உப்புத் தூவி ஆளுக்கொரு கூடு.

சிலுவைராசன் அவித்த முட்டை வைத்திருந்தான்.
வெடிக்கும் என்றேன்.
வெடிக்காது என்றான்.
கூரைத் தகரத்தில் இன்னும் அந்த மஞ்சள் இருக்கிறது.

மரத்தக்காளியும் அப்படித்தான்.
முழங்கைக்குக் கீழே எனக்கொரு தழும்பு தந்துவிட்டு
கசப்பாகத்தான் வெந்தது.
யாருக்கும் பிடிக்கவில்லை,
நான் மட்டும் இரண்டு தின்றேன்.

ட்ரைவர் ஹேரத் மாத்தியா
கித்துள் கருப்பட்டியில் ஒரு கட்டி உடைத்துத் தந்தார்.
மாவுக்குள் அது உருகி ஒளிந்திருந்தது தெரியாமல்
மூன்று பேர் நாக்கைச் சுட்டுக்கொண்டு
மூன்று பாஷையில் ஏசினார்கள்.

பிறந்தநாள் கேக்கை மடியில் வைத்திருந்த தகப்பன்
வெகுநேரம் யோசித்தார்.
கடைசியில் பெட்டியைத் திறந்து
பெயர் எழுதாத பக்கமாக
ஒரு விரல் அகலம் வெட்டித் தந்தார்.
அது பொரியவே இல்லை.
நுரைத்தது, கலைந்தது, காணாமல் போயிற்று.
அதற்குப் பிறகு சட்டியில் விழுந்த எல்லாவற்றிலும்
வனிலா வாசம்.
பெட்டியை மூடிக்கொண்டு அவர்
மன்னிப்புக் கேட்பது மாதிரிச் சிரித்தார்.

மழைக்கு ஒதுங்கி நின்ற தவமலரிடம் பையில்லை.
இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து உதறினாள்.
மடிப்பில் ஒரு கைப்பிடிக் கொழுந்து.
"தராசுக்குத் தப்பினது" என்றாள்.

அன்று இருபது கிலோ எடுத்திருந்தாள்.
மழை இலை என்று மூன்றைக் கழித்தார்கள்.
பதினெட்டுக்கு ஒன்று குறைய
அரைப்பேர்.

மாவில் முக்கப் போனேன்.
"வேணாம், அப்படியே போடுங்க."

போட்டேன்.
ஐயோ அந்தச் சத்தம்!
பாண் போட்டதில்லை, முட்டைகூடப் போட்டதில்லை.
எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள்,
தவமலர் மட்டும்
சட்டியின்மேல் குனிந்து
காது கொடுத்துக் கேட்டாள்.
"இதுதானா அவுங்க கழிக்கிற தண்ணி?
இத்தனூண்டுதானே!"

பொரிக்கிறவளுக்குத் தெரியும்,
சத்தம் நின்றால் வெந்தது என்று கணக்கு.
நின்றது.
கரும்பச்சைக் கண்ணாடிபோல் மிதந்த இலைகளை
அரித்தெடுத்துப் பேப்பரில் கொட்டினேன்.

தேத்தண்ணி மாதிரியே இல்லையே என்றார் ஹேரத் மாத்தியா.
கொஞ்சம் துவர்ப்பு, பிறகு எண்ணெய்,
பிறகு, எப்படிச் சொல்வது,
ஈரமே இல்லாத ஏதோ ஒன்று.
பத்து வருசமாய்க் கிள்ளியும்
இப்போதுதான் வாயில் வைக்கிறாளாம்.
ஏழு இலை தின்றாள், எண்ணித்தான்.
எட்டாவதைச் சிலுவைராசனுக்குக் கொடுத்தாள்,
முட்டை போன துக்கத்துக்கு.

பதினொரு மணிக்குப் பாதை திறந்தது.
காசு என்ன என்று கேட்டார்கள்.
பாண் பொரிக்க எவ்வளவு, வேர் பொரிக்க எவ்வளவு,
எனக்கே தெரியவில்லை.
கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்.

எண்ணெயை வடித்து வைத்திருந்தேன்,
கொட்டுகிற விலையா அது?
மறுநாள் காலை அதில்தான் வடை.
கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை வந்து
இரண்டு தின்று, மூன்றாவதை எடுத்துக்கொண்டே
"என்னக்கா, புதுசா ஏதோ வாசம்?" என்றார்.

எண்ணெய் பழசு என்றேன்.